தோண்டாமல் வாசித்த நிலம்

2013ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தின் தென்பகுதியில் மழை பொய்த்தது. ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தைச் சுற்றியுள்ள புல் கருகிவிடக் கூடாது என்று அங்குள்ள பணியாளர்கள் ரப்பர் குழாயில் தண்ணீர் பாய்ச்சினார்கள். குழாய் வட்டத்தின் மறுபக்கம் வரை எட்டவில்லை. தண்ணீர் படாத அந்தப் பக்கத்தில் புல் காய்ந்தபோது, காய்ந்த புல்லுக்குள்ளேயே இன்னும் வெளிறிய சில திட்டுகள் தெரிவதைப் பணியாளர் ஒருவர் கவனித்தார். காணாமல் போன கற்கள் நின்றிருக்க வேண்டிய இடங்களோடு அவை பொருந்தின. வெளிவட்டம் என்றைக்காவது முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்டதா, தென்மேற்குப் பக்கம் பாதியில் கைவிடப்பட்டதா என்பது நெடுநாள் விவாதம். விலை உயர்ந்த கருவிகளுக்குப் பிடிபடாத ஒரு சான்றை எட்டாத ஒரு குழாயும், அந்த நிலத்தை அன்றாடம் பார்த்துப் பழகிய கண்ணும் கொடுத்துவிட்டன.

கருவிகளைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் பிழைப்பே அந்தக் கருவிகளோடுதான். சாலை தோண்டும் முன் அடியில் எந்தக் குழாய், எந்த மின்கம்பி போகிறது என்று பார்த்துத் தரையில் வண்ணக் கோடு போட்டுக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஆனாலும் காய்ந்த புல்லும் லட்சக்கணக்கான பவுண்டு பெறும் ராடாரும் ஒரே உண்மையைத்தான் பயன்படுத்துகின்றன. ஒருமுறை தோண்டிய மண் ஒருமுறை கிழிந்த துணி மாதிரி. எத்தனை நேர்த்தியாகத் தைத்தாலும் தையல் தெரியும். 5,000 ஆண்டுகள் கழித்தும் தெரியும். அந்தத் தையலை எப்படிப் பார்ப்பது, பார்த்ததை எந்த அளவுக்கு நம்புவது என்பதுதான் கேள்வி. ஸ்டோன்ஹெஞ்ச் நிற்கும் சாலிஸ்பரி சமவெளியில் கடந்த 15 ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகளை நான் விடாமல் பின்தொடர்வதற்குக் காரணம் இந்தக் கேள்வியின் இரண்டாவது பாதி.

முதலில் கருவிகள். அந்தச் சமவெளியின் அடித்தளம் வெள்ளைச் சுண்ணப்பாறை. அதில் இரும்பு ஏறக்குறைய இல்லை. மேலே ஒரு முழம் கூட இல்லாத மேல்மண்ணில் இரும்பு ஆக்சைடுகள் இருக்கின்றன. தீ எரிந்த இடங்களிலும், மண்ணில் வாழும் நுண்ணுயிர்களின் வேலையாலும் அவற்றின் காந்தத்தன்மை கூடுகிறது. புதிய கற்காலத்தவர் ஒருவர் மான்கொம்பால் பாறையைக் குடைந்து ஓர் அகழி வெட்டுகிறார். அவர் காலத்துக்குப் பிறகு மழையும் காற்றும் மேல்மண்ணை இழுத்து அந்த அகழியை நிரப்புகின்றன. புல் மூடுகிறது, உழவு நடக்கிறது, கண்ணுக்கு எல்லாம் ஒரே சமதளம். ஆனால் காந்தப்புலத்தின் சிறு மாற்றத்தையும் அளக்கும் காந்தமானிக்கு அது வெள்ளைத் தாளில் இழுத்த கறுப்புக் கோடு.

அந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்பதையும் சொல்ல வேண்டும். பூமியின் காந்தப்புலம் இங்கே சுமார் 50,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு). மண் நிரம்பிய ஓர் அகழி அதில் உண்டாக்கும் மாற்றம் சில நானோடெஸ்லா மட்டுமே. பூமியின் புலமோ நாள் முழுக்கத் தானாகவே அதைவிட அதிகமாக ஏறி இறங்குகிறது. இதைச் சமாளிக்க ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு உணரிகளை வைத்து, மேலுள்ளது காட்டுவதைக் கீழுள்ளதிலிருந்து கழிக்கிறார்கள். வானத்திலிருந்து வரும் ஏற்ற இறக்கம் இரண்டுக்கும் பொது என்பதால் கழிந்துவிடும்; தரைக்குப் பக்கத்தில் இருப்பது மட்டும் மிஞ்சும்.

ஸ்டோன்ஹெஞ்ச் இருக்கும் வில்ட்ஷயர் மாவட்டத்தில் ஓர் ஊர் வரலாற்றுக் குழுவினரோடு தன்னார்வலனாக அந்தக் கருவியைத் தாங்கி நடந்திருக்கிறேன். வயலுக்குள் போகும் முன் உடம்பிலுள்ள இரும்பை எல்லாம் கழற்ற வேண்டும். பெல்ட், சாவி, கைபேசி, இரும்பு வளையம் வைத்த காலணி, சிலருடைய மூக்குக்கண்ணாடி வரை. ஜிப் வைத்த மேற்சட்டையும் ஆகாது. பிறகு தரையில் நேராக நீட்டிய கயிற்றைப் பார்த்து, கருவியின் சீரான ஓசைக்குக் கால் வைத்து, ஒரே வேகத்தில் போகவும் திரும்பவும் நடக்க வேண்டும். வேகம் தப்பினால் படத்தில் கோடு கோணலாக விழும். மாலையில் மடிக்கணினித் திரையில் அன்று நடந்த வயல் சாம்பல் நிறக் கட்டங்களாக வந்து ஒட்டிக்கொண்டபோது, காலையில் காலுக்குக் கீழே எதையும் உணராமல் கடந்த இடத்தில் ஒரு வட்ட அகழியின் வளைவு வந்து நின்றது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ராடார் வேறு வகை. மின்காந்த அலைத் துடிப்பை மண்ணுக்குள் அனுப்பி, அது எதில் பட்டு எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று அளப்பது. நேரம் நானோநொடிகளில். ஒரு குழாயை நெருங்கும்போது எதிரொலி தாமதமாக வரும், நேர் மேலே நிற்கும்போது விரைவாக வரும், கடந்ததும் மறுபடி தாமதமாகும். அதனால் திரையில் அந்தக் குழாய் புள்ளியாகத் தெரியாமல் கவிழ்த்த வில்லாகத் தெரியும். வில்லின் உச்சிதான் பொருள் இருக்கும் இடம். ஈரக் களிமண்ணில் ராடார் செத்துவிடும். காந்தமானி பரப்பைச் சொல்லும், ராடார் ஆழத்தைச் சொல்லும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று போட்டுப் பார்ப்பதுதான் தொழில்.

2010இல் இந்த இரண்டையும் அதுவரை யாரும் செய்யாத அளவில் ஸ்டோன்ஹெஞ்சுக்குக் கொண்டுவந்தார்கள். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் அப்போதிருந்த தொல்லியலாளர் வின்சென்ட் காஃப்னியும், வியன்னாவிலுள்ள லுட்விக் போல்ட்ஸ்மன் நிறுவனத்தின் வொல்ஃப்காங் நொய்பாவரும் தலைமை தாங்கினார்கள். வரிசையாக உணரிகள் பொருத்திய சட்டங்களைச் சிறு வண்டிகள் வயல்வெளி நெடுக இழுத்துச் சென்றன. நாங்கள் ஒரு மாலை வரை நடந்து முடிக்கும் பரப்பை அந்த வண்டி தேநீர் வேளைக்குள் முடித்துவிடும். ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர். 2014 செப்டம்பரில் முடிவுகளை அறிவித்தபோது, அதுவரை அறியப்படாத 17 சடங்கு சார்ந்த கட்டுமானங்கள் கிடைத்ததாகச் சொன்னார்கள். செய்தித்தாள்கள் அந்த 17ஐப் பிடித்துக்கொண்டன.

எனக்கு 17ஐ விட அந்த 12 முக்கியம்.

இதற்கு முன்பும் மேலிருந்து பார்த்தவர்கள் உண்டு. 1906இல் ராணுவப் பலூனிலிருந்து ஸ்டோன்ஹெஞ்சைப் படமெடுத்தார்கள். 1925இல் கில்பர்ட் இன்சால் என்ற விமானப்படை அதிகாரி, பக்கத்துக் கோதுமை வயலில் கரும்புள்ளிகள் வட்டம் வட்டமாக இருப்பதை விமானத்திலிருந்து கண்டார். தோண்டிப் பார்த்தபோது அவை மரத்தூண்கள் நின்ற குழிகள். இன்று அந்த இடம் வுட்ஹெஞ்ச். ஆனால் அந்த முறைகள் எல்லாம் நிலம் தானாக எதைக் காட்ட இசைந்ததோ அதை மட்டுமே காட்டின. அகழாய்வு இன்னும் குறுகியது. மேடு இருந்தால் மேட்டைத் தோண்டினார்கள், கல் நின்றால் கல்லடியைத் தோண்டினார்கள். மேடும் கல்லும் இல்லாத வயலை யார் தோண்டுவார்கள்? தோண்ட அனுமதிதான் யார் கொடுப்பார்கள்? அதனால் ஸ்டோன்ஹெஞ்ச் என்றால் ஒரு வெற்றுப் புல்வெளி நடுவே தனியாக நிற்கும் கற்கள் என்ற படம் தலைமுறைகளாக மனத்தில் பதிந்துவிட்டது. எதையும் தேர்ந்தெடுக்காமல் ஒரு சாண் விடாமல் அளந்ததால் அந்தப் படம் உடைந்தது. இங்கே இருக்கிறது என்று சொல்வதைப் போலவே, இங்கே இல்லை என்று சொல்வதற்கும் இப்போது சான்று இருக்கிறது. தொல்லியலில் 'இல்லை' என்று சான்றோடு சொல்ல முடிவது எத்தனை அரிது!

அந்தப் பரப்பில் எனக்கு மிகப் பிடித்த செய்தி கர்சஸ் பற்றியது. கல்வட்டத்துக்கு வடக்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழக்கு மேற்காக ஓடும் இணை அகழிகள். பெருங்கற்கள் நிறுத்தப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, சுமார் கி.மு. 3500ஐ ஒட்டி வெட்டியவை. 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஸ்டூக்லி என்ற பழம்பொருள் ஆய்வாளர் இதைக் கண்டு, ரோமானியர்களின் தேர்ப்பந்தயத் திடல் என்று நினைத்தார். அதன் கிழக்கு முனைக்குள் ஒன்றும் மேற்கு முனைக்குள் ஒன்றுமாக இரண்டு பெருங்குழிகள் இருப்பதைக் காந்தமானி காட்டியது. கல்வட்டத்தின் வாயிலருகே தனியாக நிற்கும் ஹீல் ஸ்டோன் என்ற கல்லின் பக்கம் நின்று பார்த்தால், ஆண்டின் மிக நீண்ட பகலன்று கதிரவன் எழும் திசையில் கிழக்குக் குழியும், மறையும் திசையில் மேற்குக் குழியும் அமைகின்றன. குழிகளின் காலம் தோண்டினால்தான் உறுதியாகும். இருந்தாலும், கல்லுக்கு முன்பே அந்த இடம் கணக்கில் இருந்தது என்ற சாத்தியத்தை வயலை முழுதாக அளக்காமல் யாரும் எழுப்பியிருக்க முடியாது. ஓர் அகழியின் முனையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கல்லோடு அதற்குள்ள உறவு தெரியாது.

இன்னொன்று, பக்கத்து ஊரான டரிங்டன் அருகே ஒரு நீண்ட ஈமத்திட்டின் அடியில் தெரிந்த மரக்கட்டடம். 33 மீட்டர் நீளம், ஏறத்தாழ 6,000 ஆண்டுப் பழமை. இறந்தவர்களின் உடலிலிருந்து தசை நீங்கும்வரை வைத்திருந்து பிறகு எலும்புகளைச் சேமித்த இடமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். முதுமக்கள் தாழிகளுக்குள் உடலைப் புதைக்காமல் எலும்புகளைத் தேர்ந்து இட்ட வழக்கம் நம் பக்கத்திலும் இருந்தது என்பதால் தமிழ் வாசகருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. கீழடியிலும் தோண்டுவதற்கு முன் காந்தமானியையும் தரை ஊடுருவும் ராடாரையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். வைகைக் கரையின் வண்டல், சுண்ணப்பாறை போல எளிதாகப் பேசாது. அங்கே அதே கருவி இன்னும் பொறுமையைக் கேட்கும்.

இனி டரிங்டன் வால்ஸ். இதைப் பற்றித்தான் நிதானமாகப் பேச விரும்புகிறேன்.

ஸ்டோன்ஹெஞ்சுக்கு வடகிழக்கே 3 கிலோமீட்டர் தொலைவில், ஏவன் ஆற்றங்கரையில், ஏறத்தாழ அரை கிலோமீட்டர் குறுக்களவுள்ள மாபெரும் மண்கரை வட்டம் அது. தொல்லியலாளர் மைக் பார்க்கர் பியர்சன் குழுவினர் 2000களில் அங்கே நடத்திய அகழாய்வில் வீடுகளின் தரைகள், அடுப்புகள், குவியல் குவியலாகப் பன்றி எலும்புகள் கிடைத்தன. கல்வட்டத்தை எழுப்பியவர்கள் தங்கி விருந்துண்ட ஊர் என்று அவர்கள் கருதுகிறார்கள். 2015 செப்டம்பரில் காஃப்னி குழு ஒரு பெரிய அறிவிப்பு செய்தது. மண்கரையின் தெற்குப் பகுதிக்கு அடியில் ராடாரில் வரிசையாகப் பொருள்கள் தெரிகின்றன, சாய்த்துப் புதைக்கப்பட்ட பெருங்கற்களாக இருக்கலாம், 90 வரை இருந்திருக்கலாம், சில 4.5 மீட்டர் உயரம் நின்றிருக்கலாம். உலகமெங்கும் ஸ்டோன்ஹெஞ்சை மிஞ்சும் கல்வட்டம் என்று செய்தி பறந்தது.

நான் அந்த ராடார் படங்களைப் பார்த்தேன். தொழில்முறையில் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த எதிரொலிகள் வலுவானவை. அவ்வளவு தெளிவான, ஒழுங்கான வரிசை தற்செயலாக அமையாது. அங்கே யாரோ எதையோ திட்டமிட்டுச் செய்திருக்கிறார்கள் என்பதில் ஐயமே எழாது. ஆனால் ராடார் எதிரொலிக்குக் கல் என்றும் மரம் என்றும் தெரியாது. இரண்டு பொருள்களுக்கிடையே மின் இயல்பு மாறும் எல்லை மட்டுமே அதற்குத் தெரியும். சாலையில் வேலை செய்யும்போது வலுவான வில் ஒன்றைக் கண்டால் நான் குறிப்பில் 'குழாய்' என்று எழுதுவதில்லை. 'அடையாளம் தெரியாத பொருள், ஆழம் இவ்வளவு' என்று எழுதி, சோதனைக்குழி தோண்டச் சொல்வேன். அங்கே உயிர் சம்பந்தப்பட்டிருப்பதால் அந்தக் கட்டுப்பாடு எளிது.

2016 ஆகஸ்டில் சோதனைக்குழி தோண்டினார்கள். கல் இல்லை. பிரம்மாண்டமான மரத்தூண்களை நிறுத்திய குழிகள் இருந்தன. தூண்களை எழுப்பிய பின், அதிக காலம் போகாமல், அவற்றை நேராக மேலே தூக்கி எடுத்துவிட்டு, குழிகளைச் சுண்ணப்பாறைச் சிதிலத்தால் நிரப்பி, அதன்மேல் மண்கரையை எழுப்பியிருந்தார்கள். ராடாருக்குக் கல்லாகத் தோன்றியது அந்த இறுகிய சிதிலம். ஒரு குழியின் அடியில் மாட்டின் தோள்பட்டை எலும்பாலான மண்வாரி கிடந்தது. வேலை செய்த ஒருவர் கையில் பிடித்தது, அங்கேயே வைத்து மூடப்பட்டது.

பத்திரிகைகளில் இது 'ஏமாற்றம்' என்று வந்தது. எனக்கு அந்தச் சொல்லே வருத்தம் தந்தது. 90 கற்கள் படுத்திருப்பதைவிட இது எவ்வளவு பெரிய செய்தி! வானளாவிய மரவட்டம் ஒன்றைப் பெரும்பாடுபட்டு நிறுத்துகிறார்கள். பிறகு எல்லாத் தூண்களையும் பிடுங்கிவிட்டு, வேறு வடிவத்தில் மண்ணைக் குவிக்கிறார்கள். அந்தச் சமூகத்துக்குள் என்ன நடந்தது? நம்பிக்கை மாறியதா, தலைமை மாறியதா? இந்தக் கேள்வி ராடார் இல்லாமல் பிறந்திருக்காது, தோண்டாமலும் பிறந்திருக்காது. படத்தை விடையாக அறிவித்ததில் அவசரம் இருந்தது என்பது என் கருத்து. படத்தைக் கேள்வியாக முன்வைத்திருந்தால் 2016இன் கண்டுபிடிப்பு அதற்குரிய மரியாதையோடு வரவேற்கப்பட்டிருக்கும்.

ஸ்டோன்ஹெஞ்சைச் சுற்றியுள்ள வெளி முழுவதும் 'புனித நிலப்பரப்பு' என்ற பேச்சிலும் எனக்கு இதே எச்சரிக்கை உண்டு. அந்த நிலம் புனிதமாக இருந்தது என்று நான் நம்புகிறேன். 1966இல் பழைய வாகன நிறுத்துமிடம் அமைத்தபோது கிடைத்த பைன் மரக்கம்பக் குழிகள் 9,000 ஆண்டுகளுக்கும் முந்தையவை; விவசாயமே தெரியாத வேடர்கள் அங்கே பெருங்கம்பங்களை நட்டிருக்கிறார்கள். கல்வட்டத்திலிருந்து புறப்படும் பாதையை 2008இல் தோண்டியபோது, பனியுகத்தில் இயற்கையாக உருவான இணை வரப்புகள் கதிரவன் எழும்-மறையும் அச்சோடு ஒத்துப்போவதைப் பார்க்கர் பியர்சன் குழு கண்டது. நிலம் தானாகவே சூரியனைச் சுட்டியதைக் கண்டு மனிதர் வியந்து நின்றிருக்கலாம் என்று அவர்கள் சொல்வது மனத்தைத் தொடுகிறது. ஆயினும் படத்தில் தெரியும் ஒவ்வொரு வட்டத்தையும் கோயில் என்று எழுதிவிடக் கூடாது. முதல் உலகப்போரில் கல்வட்டத்தின் பக்கத்திலேயே விமானத்தளம் இருந்தது. வடக்கே இன்றும் ராணுவ முகாம். காந்தமானிக்குக் கற்கால அகழியும் 1917இன் இரும்புத் துண்டும் ஒரே தாளில்தான் பதிகின்றன. இரும்பு கறுப்பும் வெள்ளையுமாகக் குத்திக்கொண்டு நிற்கும், அகழி மென்மையாக ஓடும் என்று பழகிய கண் பிரித்துவிடும். ஆடு அடைத்த பட்டியையும் வழிபட்ட இடத்தையும் எந்தக் கண் பிரிக்கும்?

இந்த எச்சரிக்கை இப்போது மிகவும் தேவைப்படும் இடம் 2020இல் அறிவிக்கப்பட்ட குழி வட்டம். டரிங்டன் வால்ஸை நடுவில் வைத்து, 2 கிலோமீட்டருக்கும் அதிகமான குறுக்களவில், வளைவாக அமைந்த 20 பெருங்குழிகள். ஒவ்வொன்றும் 10 மீட்டருக்கு மேல் அகலம், 5 மீட்டர் வரை ஆழம். மனிதர் வெட்டியவை என்றால் பிரிட்டனின் கற்காலத்தில் இதற்கு ஈடு சொல்ல முடியாது. எதிர்ப்பும் உடனே வந்தது. சுண்ணப்பாறையில் மழைநீர் கரைத்து உண்டாகும் இயற்கைப் பள்ளங்கள் ஏராளம். அவற்றில் சிலவற்றைக் கோட்டால் இணைத்து வட்டமாக்கிவிட்டீர்கள் என்றார்கள் சில தொல்லியலாளர்கள். காஃப்னி குழு இம்முறை படத்தோடு நிற்கவில்லை. சில குழிகளில் துளையிட்டு மண்ணை உருவியெடுத்தார்கள். மணல்துகள்கள் கடைசியாக எப்போது வெளிச்சம் கண்டன என்று கணிக்கும் முறையாலும், மண்ணில் எஞ்சிய மரபணுக்களாலும் சோதித்தார்கள். முடிவுகள் குழிகளைக் கற்காலத்தவர் வெட்டினார்கள் என்ற பக்கமே சாய்வதாகச் சொல்கிறார்கள். பத்தாண்டுக்கு முன் கல் என்று அறிவித்த அதே குழு இன்று இவ்வளவு பொறுமையாகச் சான்று சேர்ப்பது எனக்கு நிறைவளிக்கிறது.

எனக்கு ஒரே ஒரு கோரிக்கை மிச்சமிருக்கிறது. வட்டத்துக்குள் பொருந்தும் குழிகளில் மட்டும் துளையிட்டால் போதாது. அதே சமவெளியில், வட்டத்துக்கு வெளியே, எல்லோரும் இயற்கை என்று ஒப்புக்கொள்ளும் பள்ளங்கள் சிலவற்றிலும் அதே துளை, அதே சோதனை நடக்க வேண்டும். இரண்டு வகை மண்ணும் ஒரே வரிசையில் நிரம்பியிருந்தால் எதிர்ப்பவர்கள் சொல்வது சரி. வேறு வேறாக இருந்தால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும். எங்கே துளையிட வேண்டும் என்பதற்குப் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை; அந்த 12 சதுர கிலோமீட்டர் வரைபடத்தில் அந்தப் பள்ளங்களும் ஏற்கெனவே பதிந்துதான் இருக்கின்றன.